இருபத்தாறு லட்சத்துப் பதினாலாயிரத்து எழுநூற்று மூன்று

அவர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட பிளாஸ்டிக் பட்டை. அதில் அவர் பெயரைவிடப் பெரிதாக ஓர் எண்.

2614703.

“ஒத்தைப்படை,” என்றார்.

அவள் உம் கொட்டினாள். கட்டிலோரத்து ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. அதைவிட அலுப்பு, பொய் சொல்வது.

வெறும் அல்சர்தான். டாக்டரே சொல்லிவிட்டார். சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம்.

பயாப்சி ரிசல்ட் வந்த அன்று, மகன் திருமாறன் வராந்தாவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாதாம். தெரிந்தால் மனசு விட்டுவிடுவாராம். நர்ஸ் முதல், பார்க்க வந்த சம்பந்தி வரை எல்லோருக்கும் அதே பாடம்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. செய்து செய்து ஓய்ந்துபோனாள்.

அவர் இலக்கங்களைக் கூட்டினார். இருபத்து மூன்று. மூன்றால் போகாது. ஐந்துக்கு வழியே இல்லை. பதினொன்றும் இல்லை.

இருவரும் கணக்கு ஆசிரியர்கள், ஒரே பள்ளியில். பஸ்ஸோ, கேஸ் சிலிண்டரோ, எந்த நம்பர் கண்ணில் பட்டாலும் பகு எண்ணா, பகா எண்ணா என்று ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் சரிபார்க்க வேண்டும். வேறு எந்த வீட்டில் நடக்கும் இந்தக் கூத்து?

அதில் அவள் தயவு தாட்சண்யமே பார்த்ததில்லை. கல்யாணத்தன்று, ஏறப்போன காரின் நம்பரைப் பகா எண் என்று அவர் சொல்லிவிட்டார். கழுத்தில் மாலையோடு, பதினேழால் போகும் என்று சொன்னவள் அவள். சொந்தபந்தமெல்லாம் சிரித்தது.

“பகா எண்,” என்றார் இப்போது.

பட்டையை அவள் பக்கம் நீட்டினார். கண் அவள் முகத்தில் இருந்தது.

வலது பக்கமிருந்து மும்மூன்றாகப் பிரித்தாள். அது அவளைக் கேட்காமலே நடந்தது. எழுநூற்று மூன்றில் அறுநூற்றுப் பதினான்கு போக எண்பத்தொன்பது. மிச்சமிருக்கும் இரண்டைக் கூட்டினால் தொண்ணூற்று ஒன்று.

ஏழால் போகும். பதின்மூன்றாலும் போகும். அப்படியானால் முழு எண்ணும் போகும்; பகா எண் இல்லை. பள்ளிப் பிள்ளை கூடக் கண்டுபிடித்துவிடும்.

விடிய விடிய வாந்தி எடுத்த மனிதர். கன்னம் ஒட்டிவிட்டது. பாவம், இதைப் போய்த் தப்பென்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

“சரிதாங்க,” என்றாள்.

அவர் கையை மெல்ல இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனையே பார்த்தார்.

“ஏழால போகும்,” என்றார். “பதிமூணாலயும்.”

அவள் போர்வைக்குள் கைவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தனை மாசம் சொல்லியிருக்காங்க?”