பெயரைக் கேள், நீயாகச் சொல்லாதே

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு பெயரின் கதை சொல்கிறேன். சின்னக் கதைதான். ஆனால் தொண்டையில் நிற்கும்.

"அந்தப் பையைத் தொங்கவிடாதே, ஜெபசீலி!"

வார்டே திரும்பிப் பார்த்தது.

கத்தியது பேராசிரியை. செவிலியர் கல்லூரியில் காலமெல்லாம் பாடம் நடத்தியவள். அன்று வார்டைப் பார்வையிட வந்திருந்தாள். ஜெபசீலி அவளிடம் படித்த பெண். இப்போது இந்த வார்டின் நர்ஸ்.

சுவரில் ஒட்டியிருந்த வாசகமும் பேராசிரியையுடையதுதான்.

நோயாளியிடம் பெயரைக் கேள். நீயாகச் சொல்லாதே.

நீயாகச் சொன்னால் நம் ஜனங்கள் தலையாட்டிவிடுவார்கள். வெள்ளை உடுப்பைக் கண்டால் எந்தப் பெயருக்கும் ஆமாம்தான். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து அவள் கண்டுபிடித்த சங்கதி அது. கடல் தாண்டிப் போய் அதைப் பேசிக் கைதட்டல் வாங்கி வந்தாள்.

கைதட்டி என்ன புண்ணியம்? இதோ, கண்ணெதிரிலேயே.

பஸ் கவிழ்ந்து வந்த இரண்டு பேர். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இருவருக்கும் நினைவில்லை. பெயர் பதிந்துவிட்டுப் போன ஊர்க்காரரைக் காணோம். மணிக்கட்டுப் பட்டையில் எழுதியது ரத்தத்தில் ஊறி அழிந்திருந்தது.

ரத்தப் பைகளும் இரண்டு. ஒன்றில் வடிவேல். இன்னொன்றில் தண்டபாணி.

வேறு வேறு வகை ரத்தம். மாறி ஏறினால் ஆள் தங்காது. மறுபடி சோதித்துப் பார்க்க நேரமில்லை.

ஒரு கட்டிலருகில் மட்டும் ஒரு பெண் நின்றாள். படுத்திருந்தவனின் மனைவி.

"வடிவேலான்னு ஏன்டி கேட்டே? பேர் என்னன்னு கேக்கத் தெரியாதா? தொண்டைத் தண்ணி வத்த வத்தச் சொல்லிக் குடுத்தேனே!"

"கேட்டேன் மேடம். சொல்ல மாட்டேங்காங்க. முருகன் பேருங்காங்க. ரெண்டுமே முருகன் பேருதான மேடம்! வடிவேலான்னேன், தலையாட்டிட்டாங்க."

ஜெபசீலி அழுதுவிடுவாள் போலிருந்தது.

பேராசிரியை அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "உன் வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

"முருகன் பேருதாம் தாயி."

"முருகனுக்கு ஆயிரம் பேரு. இவருக்கு என்ன பேரு?"

"அத நா எப்படித் தாயி சொல்ல? அவுக ஆயுசு கொறஞ்சிருமே."

எதிர்க் கட்டில் கிழவர் எட்டிப் பார்த்தார். "சொல்லித் தொலை தாயி. வேணும்னா நாங்க எல்லாரும் காதப் பொத்திக்கிடுதோம்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

படுத்திருந்தவன் வெளுத்துக்கொண்டே வந்தான்.

பேராசிரியைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அத்தனை ஊர். அத்தனை கட்டுரை. கட்டிலில் கிடப்பவனிடம் எப்படிக் கேட்பது என்று பக்கம் பக்கமாக எழுதினாள். கட்டிலருகில் நிற்பவளுக்கு ஒரு வரி எழுதவில்லை.

"இங்க பாரு. நானும் சொல்றேன். என் வீட்டுக்காரர் பேரு சிதம்பரநாதன். போதுமா? இப்ப நீ சொல்லு."

அந்தப் பெண் பேராசிரியையின் வெறுங்கழுத்தைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு இனி என்ன தாயி. எனக்கு அவுக வேணும்லா."



பேராசிரியை வாயைத் திறந்தாள். படித்தது, படிப்பித்தது எல்லாம் உள்ளேதான் இருந்தது. எதுவும் எழுந்து வரவில்லை.

வேறொன்று வந்தது.

"அவர் இருந்தவரைக்கும் ஏங்க, ஏங்கன்னுதாம்மா கூப்பிட்டேன். ஒரு நாள்கூடப் பேரைச் சொன்னதில்ல."

தன் வெறுங்கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இருந்தாரா?"

அந்தப் பெண் அவளையே பார்த்தாள்.

பிறகு கணவனின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவன் காதருகே வாயைக் கொண்டுபோனாள். பேராசிரியையும் குனிந்தாள்.

ஒரு மூச்சளவுதான் அந்தப் பெயர்.

பேராசிரியை நிமிர்ந்து ஜெபசீலியின் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தாள். மற்றதை எடுத்துக் கொடுத்தாள்.

ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது.

"அவுக ஆயுசு கொறையாதுல்லா, தாயி?"

பேராசிரியை அவன் நாடியைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள்.

உங்கள் வீட்டில் வாய்விட்டுக் கூப்பிடப் பெயர்கள் இருக்கட்டும், கண்ணுகளா. கூப்பிட்டால் 'என்ன' என்று கேட்க ஆளும் இருக்கட்டும்.