தகுதி இல்லைன்னு எழுதுங்க!

"எனக்கு உதவித்தொகைக்குத் தகுதி இல்லைன்னு எழுதிடுங்க, லொரெட்டா" என்றான், சோபா தொழிற்சாலை மூடி வேலையிழந்த வெண்டல்.

அதிகாரி லொரெட்டா முறைத்தாள். "வெளிநாட்டுச் சோபா வந்து குவிஞ்சதாலதானே மூடினாங்க? இறக்குமதியால வேலை போனவங்களுக்குச் சட்டப்படி உதவித்தொகை உண்டு."

"அதெல்லாம் இல்லைங்க. எங்க சோபாவுல உட்கார்ந்தாலே முதுகு பிடிச்சுக்கும். அதான் விற்கல."

"இத்தனை வருஷம் அதைச் செஞ்சவர் பேசற பேச்சா இது? வீட்டு வாடகைக்கு என்ன பண்ணுவீங்க?"

வெண்டலுக்குக் காது சிவந்தது. "போன வாரம் பார்பிக்யூ சாப்பிடக் கூப்பிட்டப்ப, உங்ககிட்ட ஃபைல் இருக்கறவங்களோட வெளியே வரக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

லொரெட்டா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அதுக்காகச் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுக்கறதா? உங்க ஃபைலைக் காலையிலேயே பக்கத்து சீட்டு எர்லுக்கு மாத்திட்டேன். அவர்கிட்டயாவது முதுகுவலிக் கதை சொல்லாம பணத்தை வாங்குங்க. சாயங்காலம் வாசல்ல நிக்கறேன்."