வெட்டிய காட்டின் நிழல்

மரக்காணம் உப்பளங்களுக்கு நடுவே, தன் நிலத்தில் காயா மரமும் வீரை மரமும் அடர்ந்திருந்த காட்டைத் தேவநாதன் வெட்டாமல் காத்துவந்தார். அங்கே நரிகள் குட்டி போட்டன. எழுபத்து நான்காம் வருஷம் அவர் காமாலையோடு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தம்பி அரசப்பன் காட்டை அழித்து உப்புப் பாத்தி கட்டிவிட்டான்.

திரும்பி வந்தவர் வரப்பில் நின்று அழுதார். ஒரு மரம்கூட இல்லை. ஆனால் பாத்திகளின் மேல் இலை இலையாக நிழல் விழுந்திருந்தது. அந்த நிழலுக்குள் உப்பு விளையவில்லை.

"இத எப்படியாவது போவச் சொல்லுண்ணா" என்றான் அரசப்பன்.

"நானா வச்சேன்? இருந்துட்டுப் போவட்டும் விடுடா."

தேவநாதன் தினமும் அந்த நிழலில் போய் உட்கார்ந்தார். ஆடி பிறந்ததும் மேற்கு ஓரத்தில் கோடரிச் சத்தம் கேட்டது. ஆள் யாரும் இல்லை. நிழல் மட்டும் ஒவ்வொரு மரமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

அவர் எழுந்து ஓடினார். யார் கையைப் பிடித்து நிறுத்துவது என்று தெரியவில்லை.