கண்ணைக் கட்டாத மோதினார்

"இந்த மோதினார் கண்ணைத் தொறந்துக்கிட்டு மினாரா ஏறுறான், காஜியாரே! இவன் இனிமே பாங்கு சொல்லக் கூடாது!"

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து, வழக்குக் கேட்க காஜியார் தூணில் சாய்ந்து உட்கார்ந்ததுதான் தாமதம். கோதுமை வியாபாரி பஹ்ராம் போட்ட கூச்சலில் பள்ளிவாசல் புறாவெல்லாம் பறந்து போச்சு.

எங்க புகாராவில் மினாரா கோபுரத்துல ஏறித் தொழுகைக்குக் கூப்பிட்டுப் பாங்கு சொல்லக் கண் தெரியாதவரைத்தான் வைப்பாங்க. மினாரா மேலே நின்னா ஊர்ப் பெண்கள் புழங்குற உள்முற்றமெல்லாம் தெரியுமே! இந்த மோதினார் நுஸ்ரத்துக்கு நல்ல பார்வை. கண்ணைத் துணியால் கட்டிக்கிட்டு ஏறணும்னு பேசித்தான் வேலை கொடுத்தது.

"துணி கட்டலையா நீ?" காஜியார் கேட்டார்.

"கட்டலை."

மனுஷன் மென்னு முழுங்கவே இல்லை.

"போன மாசம் சாயப்பட்டறையில தீப்பிடிச்சப்ப மேலேருந்து கத்தி ஊரை எழுப்பினது யாரு? புகை வாடை வந்துதான் அன்னிக்குத் துணியை அவுத்தேன். இனி கட்ட மாட்டேன். வேலை போனா போகட்டும்!"

நாலு பிள்ளைக்காரன். ஊரே ரெண்டு மாசமா ரொட்டிக்கு அலையுது. இந்த நேரத்துல இவ்வளவு வீம்பா?

"கொழுப்பைப் பாத்தீங்களா!" பஹ்ராம் குதித்தார். "முந்தாநாள் முற்றத்துல தலை காயவெச்ச என் சம்சாரத்தை முறைச்சுப் பாத்திருக்கான். என் மானமே போச்சு! கண் தெரியாத ஒருத்தரை நானே கையோட கூட்டி வந்திருக்கேன். அவரைப் போடுங்க."

"இவர் வீட்டுல நான் எந்தப் பொம்பளையையும் பாக்கலை. பாய் போட்டு மூடின குவியல்தான் தெரியுது," என்றார் நுஸ்ரத்.

"பாத்தவன் எவன்யா ஒத்துக்குவான்?" கூட்டத்தில் ஒரு குரல். சத்தியமா அது என் குரல்தான். எல்லாரும் சிரிச்சாங்க.

காஜியார் பெருமூச்சு விட்டார். "மினாரா சாவியை வெச்சுட்டுப் போப்பா."

நுஸ்ரத் சாவியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அசையாம நின்னார்.

"அவர் எதுக்கு வைக்கணும்?"

வாசலில் முகத்திரை போட்ட ஒரு பெண். பஹ்ராமுக்கு முகம் வெளிறிப் போச்சு.

"நீ எங்கடி இங்க?"

"என்னை எவனோ பாத்தான்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வர்றீங்களாம். எங்கம்மா வீடு வரைக்கும் வந்துடுச்சு அந்தப் பேச்சு," என்றவள் காஜியார் பக்கம் திரும்பினாள்.

"நான் மாஹ்பானு, இவர் சம்சாரம். இடம் பத்தலைன்னு இவர் என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பி ரெண்டு மாசமாச்சு. அந்த முற்றத்துல பாய் போட்டு மூடியிருக்கறது இவர் மானம் இல்லை காஜியாரே, ஊர் சாப்பிட வேண்டிய கோதுமை!"