வாத்தியார் குரைத்த இடம்

கட்டடம் இடிந்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. கான்கிரீட் பலகைக்கு அடியில் அவள் இடது பக்கமாகச் சுருண்டு கிடந்தாள். முழங்காலை நீட்ட இடமில்லை.

வாயெல்லாம் சிமெண்டுப் பொடி. பையில் போன் அதிர்ந்தது. அம்மாவாக இருக்கும். கை எட்டவில்லை, எட்டியிருந்தாலும் எடுத்திருக்க மாட்டாள்.

மேலே ஆட்கள் நடந்தார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். அவள் கூப்பிடவில்லை.

பேச்சு துண்டுதுண்டாகக் கீழே வந்தது. வாத்தியார் காலையில் படுத்ததுதான், தண்ணீரைக்கூட முகரவில்லை என்று யாரோ சொன்னார்கள்.

வாத்தியார் என்பது தேடும் நாய். எதிரில் வருகிற எல்லாருடைய பையையும் மோந்து சோதனை போடுவதால் வந்த பேர். உள்ளே உயிரோடு ஆள் இருந்தால் குரைக்கும். பிணமாக இருந்தால் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். எது நடந்தாலும் அதன் உடுப்பில் தைத்திருக்கும் கருவிக்குத் தெரிந்துவிடும். குரைத்தால் நாய்க்காரரின் போனுக்குப் பச்சை வரும், படுத்தால் சிவப்பு. இரண்டு நாளாகச் சிவப்பு மட்டும்தான்.

"பொழுது சாயறதுக்குள்ள இது எந்திரிச்சுத் தேடலேன்னா கிழக்குப் பக்கம் மெஷினை இறக்கிடுவாங்க" என்றது நாய்க்காரரின் குரல். "அப்புறம் உள்ள யார் இருந்தாலும் அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நகங்கள் செங்கல்லைப் பிறாண்டும் சத்தம். அது அவளைத் தாண்டிப் போனது. நின்றது. திரும்பி வந்தது. விரிசல் வழியாகச் சூடான மூச்சு அவள் நெற்றியில் பட்டது.

வாத்தியார் குரைத்தது.

கற்களைப் புரட்டினார்கள். வெளிச்சம் வந்தது, பிறகு கைகள். அவளை வெளியே இழுத்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். ஆம்புலன்ஸ்காரர் ஸ்ட்ரெச்சரோடு தடுக்கித் தடுக்கி ஓடி வந்து, பேசாமல் படுக்கச் சொன்னார்.

அவள் படுக்கவில்லை. பையிலிருந்து ரப்பர் பந்து ஒன்றை எடுத்து நாய்க்குக் கொடுத்தாள்.

"அவங்களுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார் நாய்க்காரர். "எங்க டெய்லரம்மா. நாங்கதான் உள்ள படுக்க வெச்சோம்."

பிணமாகவே கண்டுபிடித்துக்கொண்டிருந்தால் நாய்க்கு மனசு விட்டுப்போகும். நடுவில் உயிருள்ள ஆளாக ஒருவரைக் காட்டினால்தான் மறுபடி தேடும். வழக்கமாகச் செய்வதுதான் என்று அவர் விளக்கினார். அவள் நாயின் உடுப்பைச் செய்த ஆராய்ச்சி மாணவி, அதனால் டெய்லர். உடுப்பிலிருந்து வரும் இதயத் துடிப்பையும் கேமரா படத்தையும் லேப்டாப்பில் பார்ப்பது அவள் வேலை. காலையில் மூன்றாவது மாடியில் வாத்தியார் படுத்தபோதும் அவள்தான் பார்த்தாள். யாரென்று தெரிகிறதா என்று கேட்டதற்கு, ஒரு கை மட்டும் தெரிகிறது என்றாள். அதற்குப் பிறகு நாய் எழுந்திருக்கவில்லை. நானே உள்ளே போய்ப் படுக்கிறேன் என்று சொன்னதும் அவள்தான்.

ஆம்புலன்ஸ்காரர் மூச்சு வாங்கினார். "எனக்குந்தான் மனசு விட்டுப்போச்சு. என்கூட ஒளிஞ்சு விளையாட ஒருத்தரும் வரக் காணோம்."

வாத்தியார் பந்தைக் கீழே போட்டது. வாலை ஆட்டிக்கொண்டு தானாகவே கிழக்குப் பக்கம் கிளம்பியது. நாய்க்காரர் பின்னால் ஓடினார்.

அவள் போய் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, திரையிலிருந்த தூசியைக் கையால் துடைத்தாள். துடிப்பு ஏறியிருந்தது. படத்தில் உடைந்த செங்கல்லும் நாயின் முன்னங்கால்களும் மட்டும் வந்துகொண்டிருந்தன.

பிறகு குரைப்பு. திரையில் பச்சை.

உள்ளேயிருந்து யாரோ தட்டுகிறார்கள் என்று கிழக்கிலிருந்து ஒருவர் கத்தினார். எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். அவள் பச்சையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆம்புலன்ஸ்காரர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டார். "அங்க ஒரு உயிராவது கெடைக்கட்டும். காலையில மூணாவது மாடியில எடுத்த ஆளு இன்னும் கூடாரத்துலயே கெடக்காரு. சொந்தம்னு சொல்லிக்க யாரும் வரல. நம்பர் போட்டு அனுப்பச் சொல்றாங்க."

அவள் லேப்டாப்பை மூடினாள்.

"நம்பர் போட வேண்டாங்க. அது எங்க அண்ணன்."