கேஜைத் தொடாதே!

"கேஜைத் தொடாதே! உன் கை பட்டாலே கெட்டுப்போயிடும்!"

மேனேஜர் போட்ட சத்தத்தில், நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள் அவள்.

மேஜையின் ஒரு பக்கம் அவள் மெஷினில் செய்த நூறு தகடுகள். ஒவ்வொன்றிலும் நான்கு ஓட்டைகள், ஓரத்தில் அவளுடைய எண். அந்தத் தொழிற்சாலையில் யார் எதைச் செய்தாலும் தன் எண்ணை அதில் குத்தியாக வேண்டும். அவள் பதினேழு. மேனேஜருக்கு மட்டும் எண் கிடையாது. அவர் எதையும் செய்வதில்லை.

இன்னொரு பக்கம், வெல்வெட் துணியின் மேல், தகடுகளைச் சரிபார்க்கும் புதுக் கேஜ். நான்கு முளைகள் நிற்கும் ஒரு இரும்புக் கட்டை, அவ்வளவுதான். தகட்டின் ஓட்டைகள் முளைகளில் இறங்கி உட்கார்ந்தால் பாஸ், இல்லாவிட்டால் குப்பை. நேற்று வந்த கேஜ், இன்று மதியத்துக்குள் நூற்றையும் குப்பையாக்கிவிட்டது.

நடுவில், பதினேழு என்று எண் போட்டு, அவளை வேலையிலிருந்து நீக்கும் கடிதம். முதலாளியின் கையெழுத்துதான் பாக்கி.

"பன்னெண்டு வருஷமா இவங்க செஞ்ச தகடு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லையேப்பா" என்று இழுத்தார் முதலாளி.

"அப்போ இந்தக் கேஜ் இல்லையே சார்! டிசைன் நானே போட்டது. ஓட்டை பத்து மில்லிமீட்டர், முளையும் பத்து மில்லிமீட்டர். மயிரிழை சந்து கிடையாது!"

"சார், ஓட்டை இப்படி அப்படிக் கொஞ்சம் நகர்ந்தா பரவாயில்லைன்னு வாங்குறவங்களே டிராயிங்ல இடம் விட்டிருக்காங்க" என்றாள் அவள். "அந்த அளவுக்கு முளை ஒல்லியா இருக்கணுமில்ல?"

"இடம் விட்டது அவங்க பெருந்தன்மை. அதுல போய்க் காலை நீட்டிப் படுத்துக்கிறதா?"

ஒரு வாரப் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்து, சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பவர் மேனேஜர். வகுப்பில் எந்தெந்த நாள் தூங்கினார் என்று சான்றிதழில் எழுதுவதில்லை.

அவள் கடிதத்தைப் பார்த்தாள். மகள் இன்னும் கல்லூரியைத் தாண்டவில்லை. நாற்பத்தைந்து வயதில் வேறு எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது?

"ஒருவேளை கேஜ்ல கோளாறு இருந்தா?" என்றார் முதலாளி.

மேனேஜருக்குச் சுருக்கென்றது. "லேப்ல கொடுத்து அளந்தாச்சு சார். என் டிராயிங்ல பத்துன்னா பத்து! ஒரு மைக்ரான் கூடலை, குறையலை. என்ன வேலைங்கிறீங்க! இதைச் செஞ்ச கைக்குத் தங்கக் காப்பு போடணும். அதுவும் கை, இதோ இதுவும் கை!"

"ஐயா, அந்தக் கேஜை..."

"நீ வாயை மூடு! கேஜைப் பத்திப் பேச உனக்கென்ன தெரியும்?"

முதலாளி பேனாவை மூடினார். "அவ்வளவு கெட்டிக்கார ஆள்னா கூப்பிடு, ஒரு வார்த்தை கேட்டுடலாம். யாரு செஞ்சது?"

"டூல் ரூம்ல யாரோ சார். டிராயிங்கைக் கொடுத்தேன், பொருள் வந்துச்சு. மூஞ்சியெல்லாம் யாரு பார்த்தா? அடியில நம்பர் இருக்கும். அந்த ஆள் முளை தப்புன்னு சொல்லட்டும், நான் மறுபேச்சு பேசலை."

முதலாளி கேஜைத் தூக்கிப் புரட்டினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அடியில் இருந்ததை இரண்டு முறை படித்தார். பிறகு அதை மேனேஜர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

பதினேழு.

"டூல் ரூம்காரர் லீவுல போன பத்து நாளும் நான்தான் அங்க இருந்தேன் ஐயா" என்றாள் அவள். "டிராயிங்ல இருந்ததை அப்படியே செஞ்சேன்."

முதலாளி பேனாவைத் திறந்து, கடிதத்தில் இருந்த பதினேழை அடித்தார்.

"உன் நம்பர் என்னப்பா?" என்று மேனேஜரைக் கேட்டார்.