வழுவழுப்பான தாள்

“வழுவழுப்பான தாள் முடிஞ்சுது அக்கா. இந்தச் சொரசொரப்பான தாளிலதான் அடிச்சனான்” என்று பிளாட்டின உப்புப் பூசிக் கையால் அடித்த படத்தை நீட்டினான் படக்கடை நகுலேசன்.

புஸ்பராணி அதை வெளிச்சத்தில் பிடித்தாள். கடலில் மூழ்கி இறந்த மகன் கரையில் விட்டுப்போன பெரிய ஃபிலிம் கமெராவில் எஞ்சியிருந்த கடைசிப் படம் அது. முகம் புகைபோல் இருந்தது.

“சொரசொரப்பான தாள் நுணுக்கத்தை விழுங்கிப்போடும் எண்டு நீங்கள்தானே தம்பி சொன்னியள்?”

“பார்க்க இதுதான் வடிவு அக்கா.”

“வடிவை வைச்சு நான் என்ன செய்ய? இறக்கக்கண்டிக் கரைக்கு அவன் தனியத்தான் போனவனாம். தனியப் போனவனைப் படமெடுத்தது ஆர்? அவன்ர மூக்குக்கண்ணாடியில ஆரோ நிக்கிற மாதிரித் தெரியுது. அது ஆரெண்டு பாக்கத்தானே உங்களிட்ட வந்தனான்.”

“இதுக்கு மேல ஏலாது அக்கா.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு துறைமுக வீதியில் இறங்கி நடந்தாள்.

நகுலேசன் மேசை லாச்சியைத் திறந்தான். வழுவழுப்பான தாள்கள் கட்டாகக் கிடந்தன. மேலே, நேற்று அவன் முதலில் அடித்த படம். அதன்மேல் மறுபடியும் பூதக்கண்ணாடியை வைத்தான்.

“ஆரப்பா வந்தது?” என்று குசினிக்குள் இருந்து மகள் சிவாஜினி கேட்டாள்.

அவன் படத்தைச் சட்டென்று கவிழ்த்து வைத்தான். அந்தப் பொடியனின் மூக்குக்கண்ணாடிக்குள், கமெராவுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நின்றது அவள்தான்.